ஒதுங்கி நின்ற வண்டிகள்

அத்தியாயம் 9

போன வாரம் டெனிஸையும் அவள் மகள் கெல்சியையும் நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் காரோட்டி வந்த அசதி. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் லாரல் கிராஸிங்கில் மிஸ் வெர்னாவைப் பார்த்து வீட்டைப் பேசி முடிக்க வேண்டும் என்று அலாரம் வைத்துவிட்டுத்தான் படுத்தார்கள்.

அலாரம் அடித்தது. கெல்சி அதை அணைத்தாள். அணைத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. பதினைந்து வயது, அப்படித்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒஹாயோவில், டொலீடோவில், கார் சீட் செய்கிற ஒரு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதே கம்பெனி இங்கே அலபாமாவில் புதிதாக ஒன்றைத் திறந்து, வேலை வேண்டுமானால் வா என்றது. டெனிஸின் கணவன் கர்ட் ஜனவரியிலேயே வந்துவிட்டான். தொழிற்சாலைக்கு எதிரே ஓர் அறை எடுத்து, தகர டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டு கிடக்கிறான். குடும்பம் வர வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை கெல்சிக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

எந்த ஊரில் குடியிருப்பது என்பதில்தான் இத்தனை அத்தியாயமும் ஓடியிருக்கிறது. பர்மிங்ஹாம் ஓரத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் கட்டிய புதுக் காலனியில் கம்பெனி ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருந்தது. டெனிஸ் மாட்டேன் என்றாள்.

"டொலீடோ வீட்டை நீ ஒரே ராத்திரியில முடிவு பண்ணினே. நான் வாயை மூடிக்கிட்டு உன் பின்னாடி வந்தேன். ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் படுத்துக் கிடந்தேனே, அந்தத் தெருவுல ஒரு நாதி வந்து கதவைத் தட்டிச்சா? இந்தத் தடவை ஊரை நான் பார்ப்பேன். நான் மட்டும்தான் பார்ப்பேன். நீ வாயே திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டேன்" என்று கர்ட் சத்தியம் செய்து கொடுத்தான்.

ஏப்ரலில் மூன்று நாள் வந்து ஊர் ஊராகச் சுற்றினாள். எதுவும் பிடிக்கவில்லை. கடைசி நாள் கர்ட் வழி தப்பி, பெட்ரோல் போடலாம் என்று எங்கள் ஊருக்குள் வண்டியைத் திருப்பினான். ஒரு வெள்ளை வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மாள், முன்பின் தெரியாத இவளைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள். அவ்வளவுதான். டெனிஸ் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. "இந்த ஊர்தான்" என்றாள். கர்ட் வாயே திறக்கவில்லை.

கை ஆட்டிய அம்மாள்தான் மிஸ் வெர்னா. இரண்டு வீடும் அவளுடையவை. முகத்தைப் பார்க்காமல் யாருக்கும் வீடு விடமாட்டாள். இதுவரை மூன்று குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நாளைக்கு ஒரு டாக்டர் குடும்பம் வேறு பார்க்க வருகிறது. இன்றைக்கு விட்டால் டெனிஸுக்குக் காலனிதான்.

சரி, இனி இன்றைக்கு நடந்தது.

டெனிஸ் கண் விழித்தபோது வெளியே தூறல். மணியைப் பார்த்து அலறினாள். ஒரு கையால் தலை சீவிக்கொண்டே மறு கையால் கர்ட்டுக்குப் போன் போட்டாள்.

"லேட்டாயிடுச்சு. நீயும் வாயேன்."

"இன்னைக்கு ஷிஃப்ட்டை விட்டு எப்படி வர்றது?" என்றான் கர்ட். "நீ ஏன் பறக்கிறே? நிதானமா ஒரு ரெண்டு மணிவாக்குல போயேன்."

"பன்னெண்டுன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு மணிக்கு எதுக்குப் போகணும்? ஏன், உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் வாயே திறக்கலையே."

போன் வைத்தாயிற்று.

லாட்ஜிலிருந்து எங்கள் ஊருக்கு இருபுறமும் பைன் மரம் நிற்கிற ஒற்றைச் சாலை. போக ஒன்று, வர ஒன்று. பாதி வழியில் முன்னால் ஒரு நீள வரிசை. இருபது வண்டிக்கு மேல் இருக்கும், எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஹெட்லைட். மழைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று டெனிஸ் நினைத்துக்கொண்டாள். அவளும்தான் போட்டிருந்தாள்.

"என்ன இது, மாட்டு வண்டியா ஓட்டறாங்க?"

"லேட்டானா ஆகட்டுமேம்மா" என்றாள் கெல்சி. "அந்தம்மா வேற யாருக்காவது வீட்டைக் குடுத்துடட்டும். காலனியில நீச்சல் குளம் இருக்கு."

"நீச்சல் குளமா உனக்குக் காய்ச்சல் வந்தா கஞ்சி கொண்டு வரும்? சும்மா இரு."

அப்போதுதான் எதிர்ச் சாலையைக் கவனித்தாள். எதிரே வந்த வண்டிகள் எல்லாம் புல்லில் இறங்கி ஒதுங்கி நின்றுகொண்டிருந்தன. ஒரு பிக்கப், பால் லாரி, ஒரு டிராக்டர். எதிர்ச் சாலை துடைத்து வைத்தாற்போல் காலி.

"பார்த்தியா கெல்சி! நமக்கு வழி விட்டு நிக்கிறாங்கடி!"

"நமக்கா?"

"பின்னே? ஒஹாயோ வண்டி, வெளியூர்க்காரங்க, அவசரமாப் போறாங்கன்னு தெரிஞ்சிருக்கு. டொலீடோவுல ஒருத்தன் இப்படி ஒதுங்குவானா? முட்டிட்டுல்ல போவான்!"

இண்டிகேட்டரைப் போட்டாள். எதிர்ச் சாலையில் ஏறி ஒரு மிதி மிதித்தாள்.

சும்மா போயிருந்தாலாவது பரவாயில்லை. நன்றி தெரிந்த பெண். ஒதுங்கி நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் சிரித்துக் கை ஆட்டினாள். பால் லாரிக்கு ஆட்டினாள். இரண்டு தடவை ஹாரனும் அடித்தாள், செல்லமாக. டிராக்டர்க்காரர் இறங்கித் தூறலில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, அவர் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சிருக்காரு!"

"மரியாதைடீ. கத்துக்கோ."

குறுக்குச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். இவளைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவருக்கும் ஒரு கை ஆட்டல்.

வரிசையின் தலைப்பக்கம் வந்தபோது, முன்னாலிருந்து இரண்டாவதாகப் போன கறுப்பு வண்டிக்குள் கெல்சி எதையோ பார்த்தாள். பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டாள். பிறகு சின்னக் குரலில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மா. முதல் வண்டி… அது சவ வண்டிம்மா."

கண்ணாடிக்குள் பெட்டி. பெட்டி மேல் வெள்ளைப் பூ.

நிறுத்தவும் முடியாது, வரிசைக்குள் நுழையவும் முடியாது. முன்னால் போவது ஒன்றுதான் வழி. ஆக, எங்கள் ஊர் ஹாய்ட்டின் கடைசி ஊர்வலத்துக்குக் கொஞ்ச தூரம் தலைமை தாங்கிப் போனது ஓர் ஒஹாயோ நம்பர் பிளேட்.

மிஸ் வெர்னாவின் வீடு பூட்டிக் கிடந்தது. வராந்தா நாற்காலி காலி. டெனிஸ் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். யார் சாவோ, எவர் சாவோ, மனசே சரியில்லை. கடைத்தெருவுக்கு வண்டியை விட்டாள். டார்லாவின் சாப்பாட்டுக் கடையைத் தவிர எல்லாக் கதவிலும் பூட்டு.

"ஐஸ் டீயா கண்ணு?" என்றாள் டார்லா.

"சர்க்கரை இல்லாம."

எங்கள் பக்கத்தில் சர்க்கரை போடாத ஐஸ் டீயை நோயாளிகள்தான் கேட்பார்கள். டார்லா ஒரு நொடி பார்த்தாள். "உடம்புக்கு முடியலையா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"சரி, சரி" என்று நம்பாமல் போனாள்.

டீ வருவதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நாத்தனார்.

"சொல்லு… என்னது?… அடப்பாவி! ஹாய்ட்டோட பெட்டியைத் தாண்டியா?… ஹாரன் வேறயா?… கை ஆட்டினாளா? யாருக்கு?… டிராக்டர்க்காரருக்கா!"

வைத்துவிட்டு டெனிஸ் பக்கம் திரும்பினாள். ஆள் கிடைத்த சந்தோஷம்.

"கேட்டீங்களா இந்தக் கூத்தை? சாவு வண்டி வந்தா எதிர்ல வர்றவங்க ஒதுங்கி நிப்பாங்க. அது கொழந்தைக்கும் தெரியும். எவளோ ஒருத்தி, ஒஹாயோ வண்டியாம், ஒட்டுமொத்த வரிசையையும் ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிருக்கா. ராணி மாதிரி கை ஆட்டிக்கிட்டு! பாவம், நல்ல பொண்ணாத்தான் இருப்பா."

எங்கள் ஊரில் ஒருத்தியை 'பாவம், நல்ல பொண்ணு' என்று சொல்லிவிட்டால், அவளை இனி எதிலும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்று அர்த்தம். டெனிஸுக்கு அது தெரியாவிட்டாலும் குரல் புரிந்தது.

"ஹாய்ட்ங்கிறது யாரு?"

"மிஸ் வெர்னாவோட தம்பி. கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். செவ்வாக்கெழமை தூக்கத்துலயே போயிட்டான்."

டீ வந்தது. டெனிஸ் தொடவில்லை.

கெல்சி மேசைக்குக் குனிந்து கிசுகிசுத்தாள். "வாம்மா, போயிடலாம். நம்ம முகத்தை யாரும் பார்க்கலை, வண்டியைத்தான் பார்த்தாங்க. காலனிக்குப் போனா யாருக்கும் எதுவும் தெரியாது."

நியாயமான பேச்சு. காலனியில் யாருக்கும் எதுவும் தெரியாது. இவள் ஊர்வலத்தைத் தாண்டினாலும் தெரியாது, ஒரு மாதம் படுத்துக் கிடந்தாலும் தெரியாது. டெனிஸுக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்கும் மேலே ஒரு பிடிவாதம் ஏறி நின்றது.

"கதவைத் தட்ட ஆள் இல்லையேன்னு அழுதவ நான். இப்ப ஊரே என்னைப் பத்திப் பேசுது. இப்ப ஓடினா, அப்புறம் நான் எதுக்குடி ஊரைத் தேடினேன்?"

எழுந்தாள்.

"டார்லா, வெளிய நிக்கிற வண்டியைப் பாருங்க. அது என்னுதுதான்."

டார்லா ஜன்னல் வழியாக நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மறுபடி நம்பர் பிளேட்.

"நீங்களா?"

"நான்தான். மன்னிப்புக் கேக்கணும். எங்க போகணும்?"

"சர்ச் ஹால். அடக்கம் முடிஞ்சு அங்கதான் சாப்பாடு." டார்லா கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளே போய்க் கண்ணாடிப் பாத்திரத்தில் வாழைப்பழப் புட்டிங் எடுத்து வந்தாள். "வெறுங்கையோட போகாதீங்க. சாவுக்கு வெறுங்கையோட போறது நீங்க பண்ணினதை விட மோசம். பாத்திரத்துக்கு அடியில என் பேர் எழுதியிருக்கு. திரும்பி வரணும்."

ஹாலில் நீள மேசைகள். கோழி வறுவல், மக்ரோனி, பன்றிக்கறி போட்ட பீன்ஸ் என்று ஊர்ப் பெண்கள் பரப்பி வைத்திருந்தார்கள். டெனிஸ் கதவைத் திறந்ததும் பேச்சு கதவோரத்தில் அடங்கி, மேசை மேசையாக அடங்கிக்கொண்டே போய், கடைசியில் சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. செய்தி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

நடு மேசையில் கறுப்பு உடையில் மிஸ் வெர்னா. கால் வலிக்கிறது போல, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

டெனிஸ் நேரே போய் நின்றாள். கையில் புட்டிங்.

"மிஸ் வெர்னா, வீட்டுக்காக உங்ககிட்ட போன்ல பேசின டெனிஸ் நான்தான். உங்க தம்பி வண்டியைத் தாண்டிப் போனவளும் நான்தான். என்னை மன்னிச்சுக்கணும்."

"கர்த்தரே" என்றது பின்னால் ஒரு குரல்.

"ஹாரன் அடிச்சியே, அது எதுக்கு?" என்றாள் மிஸ் வெர்னா.

"நன்றி சொல்ல."

"யாருக்கு நன்றி?"

"ஒதுங்கி நின்னவங்களுக்கு. எனக்கு வழி விட்டு நிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"உனக்கா?"

"எனக்கு."

"டிராக்டர்க்காரன் தொப்பியைக் கழட்டினானே?"

டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் எனக்குன்னுதான் நெனச்சேன்."

மிஸ் வெர்னாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள். அழுகை இல்லை. சிரிப்பு. முதலில் மூச்சோடு வந்தது, பிறகு ஹாலே அதிர வந்தது.

"ஏ ஹாய்ட்டு, கேட்டியாடா! உன் ஊர்வலத்தையே ஒருத்தி தட்டிக்கிட்டுப் போயிட்டாடா!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது நிற்காமல் நிஜ அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஊரும் சேர்ந்து சிரித்தது. யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். யாரோ புட்டிங்கை வாங்கிக்கொண்டார்கள்.

"உக்காரு கண்ணு. இந்த மனுஷங்க முன்னாடி வந்து நின்னு ஒத்துக்கறதுக்குத் தைரியம் வேணும்." மிஸ் வெர்னா கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து டெனிஸின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா. நல்லா இரு."

டெனிஸ் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளாகத் தேடி, அவளாக வந்து, அவளாக வாங்கிய சாவி. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. சந்தோஷத்தில் கெல்சியைத் திரும்பிப் பார்த்தாள். கெல்சி சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, கழுத்தில் டையோடு, ஐஸ் பையைச் சுமந்துகொண்டு வந்தது கர்ட்.

"ஏம்ப்பா கர்ட்டு!" என்று கூப்பிட்டார் ஓடெல். ஹாய்ட்டின் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். "அந்த வண்டிக்காரி இங்கதான் இருக்கா, வா. உங்க ஒஹாயோதான்! கார்ல நான் கேட்டப்ப, யாரு வண்டின்னே தெரியலைன்னியே?"

கர்ட் நின்ற இடத்திலேயே நின்றான். ஐஸ் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கர்ட்?" என்றாள் டெனிஸ்.

"டெனிஸ்" என்றான் கர்ட்.

ஓடெல் இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அட, உன் பொண்டாட்டியா!"

"கட்டின பொண்டாட்டி வண்டி தெரியாதா உனக்கு?" என்றாள் மிஸ் வெர்னா.

"தெரியும்" என்றாள் கெல்சி. "ரெண்டாவது வண்டியில இருந்தாரு. நாங்க பக்கத்துல வந்ததும் சீட்டுக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டாரு. நான் பார்த்தேன்."

ஹால் மறுபடி சிரித்தது. டெனிஸும்கூடச் சிரித்திருப்பாள். ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு இங்கே ஐஸ் சுமக்கிறான், பெண்டாட்டியைத் தெரியாது என்றிருக்கிறான், வீட்டுக்குப் போய் ஒரு வாரம் வறுத்தெடுத்தால் தீர்ந்துபோகிற குற்றம். அதோடு நின்றிருக்கலாம்.

மிஸ் வெர்னாவுக்கு நல்ல மனசு. அதனால் நிற்கவில்லை.

"விடு கண்ணு. ஆம்பளைங்க கோழைங்கதான். ஆனா உன் மேல உசுரா இருக்கான். பிப்ரவரியில இருந்து இந்த வீட்டுக்காக நடையா நடந்தான்."

"பிப்ரவரியா?"

"ஆமா. ஞாயித்துக்கெழமை தவறாம ஹாய்ட்டு கூட மீன் பிடிக்கப் போவான்."

"ஞாயித்துக்கெழமை ஓவர்டைம்னு சொன்னாரே…" டெனிஸ் மெதுவாகச் சொன்னாள். "மிஸ் வெர்னா, நாங்க இந்த ஊரைப் பார்த்ததே ஏப்ரல்ல."

"அதான் கண்ணு! 'நான் சொன்னா அவளுக்குப் பிடிக்காது, அவளாப் பார்த்துப் பிடிச்சிருக்குன்னு சொல்லணும்'னு இவன் புலம்பியிருக்கான். ஹாய்ட்டு ஓடி வந்து என்னை வராந்தாவுல உக்கார வச்சான். 'வெள்ளைக் கார் வரும், அந்தப் பொண்ணைப் பார்த்துக் கை ஆட்டு'ன்னான். வேலையை விட்டுட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்." அவள் டெனிஸின் கையைத் தட்டினாள். "நல்லா ஆட்டினேனா?"

"நல்லா ஆட்டினீங்க" என்றாள் டெனிஸ்.

கர்ட் பையைக் கீழே வைத்தான். "டெனிஸ், இன்னைக்குக் காலைலகூட ரெண்டு மணிக்கு வரச் சொல்லு, அடக்கம் இருக்குன்னு மிஸ் வெர்னா என்கிட்ட சொல்லி அனுப்பினாங்க. எப்படிச் சொல்றது? சொன்னா எனக்கு அவங்களைத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுடும்…"

"வழி தப்பிட்டேன்னு சொன்னே."

"டெனிஸ்…"

"பெட்ரோல் போடணும்னு சொன்னே."

"உனக்கு ஊர் பிடிச்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பிடிச்சுது. அதான் வயிறு எரியுது."

"அப்புறம் என்ன தப்பு?"

அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. ஹாலில் இருந்த ஆண்களில் பாதிப் பேருக்கும் புரியவில்லை, ஓடெல் உட்பட. பெண்கள் பரிமாறுவதை நிறுத்திவிட்டார்கள்.

டெனிஸ் சாவியை மிஸ் வெர்னாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அவருக்குக் குடுத்த சாவி, மிஸ் வெர்னா. எனக்குக் குடுத்தது இல்லை."

மிஸ் வெர்னாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப உனக்கு வீடு வேண்டாமா?"

"தெரியலை. யாரும் கை ஆட்டாம ஒரு தடவை பார்க்கணும்."

மிஸ் வெர்னா சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"டாக்டர் காலைல ஒன்பது மணிக்கு வர்றாரு. அதுக்கு முன்னாடி வர்றதா இருந்தா வா. தனியா வா. நான் வராந்தாவுல இருக்க மாட்டேன்."

டெனிஸ் வெளியே வந்தாள். கெல்சி பின்னால் ஓடி வந்தாள். யாரோ டார்லாவின் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்திருந்தார்கள்.

காரைக் கிளப்பும்போது கர்ட் வந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தான். உள்ளே பூட்டு விழுந்தது. ஹால் வாசலில் எங்கள் ஊர் மொத்தமும் தட்டும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. டெனிஸ் கண்ணாடியை இறக்கினாள்.

"யாருங்க நீங்க?"

"விளையாடாதே டெனிஸ். எல்லாரும் பார்க்கறாங்க."

"இந்த வண்டி யாருதுன்னே தெரியாதுன்னு சொன்னீங்களாமே. தெரியாதவங்க வண்டியில ஏறக் கூடாதுங்க."

இத்தனை வருஷத்தில் அவனை அவள் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடி ஏறியது. வண்டி போய்விட்டது. கர்ட் டையைத் தளர்த்திக்கொண்டு, பார்க்க யாருமில்லாத பக்கமாகத் திரும்பி நின்றான்.

பைன் மரச் சாலையில் தூறல் விட்டிருந்தது. கெல்சி பாத்திரத்தை மடியில் வைத்திருந்தாள்.

"நாளைக்கு வருவோமா?"

"தெரியலை."

"இந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணுமேம்மா."

எதிரே ஒரு பழைய பிக்கப் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி இவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுத் தன் வழியே போனார். டெனிஸின் கை ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை.

"அம்மா, அவர் நமக்குத்தான் கை காட்டினாரு. நிஜமா."

"ம்" என்றாள் டெனிஸ், சாலையைப் பார்த்துக்கொண்டே. "அவர்கிட்டயும் உங்கப்பா சொல்லி வச்சிருப்பாரு."